கரடிப்பொத்தைக் குகையை அளந்த கோமதிநாயகம் அண்ணாச்சி

செய்தி வந்தபோது நான் ஒரு தானப் பத்திரத்தின் சொத்து விவரத்தை எழுதிக்கொண்டிருந்தேன். "மேற்படி மனைக்கு வடக்கே பொது நடைபாதை" என்ற வரியை முடித்துவிட்டேன், கிழக்கெல்லையைத் தொடங்கவில்லை. கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் பீர் முகம்மது, தம் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு வந்து என் அலுவலக வாசலில் நின்றார். "அம்மா, அண்ணாச்சி போயிட்டாவ" என்றார். எந்த அண்ணாச்சி என்று கேட்க வேண்டிய ஊர் இது. சங்கரன்கோவிலில் தெருவுக்குத் தெரு அண்ணாச்சிகள் உண்டு. நான் கேட்கவில்லை. இதயக் கோளாறுக்காகத் திருநெல்வேலி மருத்துவமனையில் சேர்ந்திருந்தவர், அன்று காலையில் காப்பி கேட்டிருக்கிறார். அவர் மனைவி, எங்கள் மதினி, வாங்கிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. பத்திரம் எழுத வந்திருந்தவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, மறுநாள் வருவதாகச் சொல்லி எழுந்து போனார்.

இதைப் படிப்போரில் பெரும்பாலோர் கோமதிநாயகம் அண்ணாச்சியைக் காக்கிச் சட்டையில் கண்டவர்கள். சங்கரன்கோவிலிலிருந்து சிவகிரிக்குச் செல்லும் பேருந்தில் நெடுங்காலம் நடத்துநராக இருந்தார். "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எடம் கெடக்கு" என்று அவர் சொல்லாத நாள் இல்லை. உள்ளே இடம் இருந்த நாளும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு அவர் குகைகளுக்குள் தவழ்ந்தார் என்ற செய்தியைச் சிலர் வியப்பாகவும், பலர் வேடிக்கையாகவும் பேசினர். அந்தப் பணியில் அவரோடு உடனிருந்தவர்கள் பீர் முகம்மதுவும் நானுமே. ஆகவே, தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதி வைப்பது என் கடமையாகிறது.

அவர் என்னிடம் முதன்முதலில் வந்தது குகைக்காக அன்று. தம் வீட்டை மகள் பெயருக்கு எழுதிவைக்க வந்தார். நான் பத்திரத்தோடு இணைப்பதற்கு மனையின் வரைபடத்தைக் கையால் வரைந்துகொண்டிருந்தேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எழுத்தரம்மா, இதே மாதிரி ஒரு குகைக்குப் படம் போட முடியுமா?" என்று கேட்டார்.

"நான்கெல்லை தெரிந்தால் எதற்கும் போடலாம்" என்றேன்.

சற்று யோசித்தார். "நாலு போதாதேம்மா. தலைக்கு மேல ஒண்ணு, காலுக்குக் கீழ ஒண்ணு. ஆறு எல்லை வருதே."

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். ஆவண எழுத்தர் உரிமத்தையும், இந்தத் தமிழையும், தேவையான அளவு ஆங்கிலத்தையும் நானே படித்துப் பெற்றேன். இந்த வட்டாரத்தில் எத்தனையோ நிலங்களுக்கு எல்லை எழுதியிருக்கிறேன். ஒரு நிலமும் தன் கூரையைப் பற்றி என்னை எண்ண வைத்ததில்லை. அந்த வாரமே குகை அளவீடு பற்றிய ஆங்கிலக் கையேடு ஒன்றைப் பீர் முகம்மது இணையத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்து முடித்தேன்.

கரடிப்பொத்தை, வாசுதேவநல்லூருக்கு மேற்கே, மலைத்தொடரை விட்டு ஒதுங்கிக் கிடக்கும் சிறு குன்று. எங்கள் பக்கத்தில் இத்தகைய குன்றைப் பொத்தை என்போம். வீட்டளவுப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கின்றன. அவற்றுக்கு இடையே உள்ள வெற்றிடமே குகை. அடிவாரத்தில் அண்ணாச்சி குடும்பத்தாரின் குலதெய்வமான பொத்தையடி சாஸ்தா கோயில். பங்குனி உத்திரத்துக்கு அவருடைய சொந்தபந்தம் எங்கிருந்தாலும் அங்கே வந்து கூடும். அந்தக் குகை சுரங்கமாக ஓடிச் சங்கரன்கோவில் கோயிலுக்குள்ளே திறக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. இதில் வியப்பில்லை. ஒரு குகை எங்காவது ஒரு கோயிலில் போய்த் திறக்காவிட்டால், எங்கள் வட்டாரத்தில் அந்தக் குகைக்கு மதிப்பில்லை.

ஆனால் அண்ணாச்சிக்கு அந்தச் சுரங்கம் வெறும் கதை அன்று. அவர் அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்தில், ஒரு பங்குனி உத்திரத்தன்று, அவருடைய சித்தப்பா நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு அதற்குள்ளே சென்றார். திரும்பி வரவில்லை. தேடியவர்கள் வாசலை அடுத்த அறையோடு நின்றுவிட்டார்கள். சுரங்கத்தின் வழியே போய்ச் சித்தராகிவிட்டார் என்று குடும்பத்தார் முடிவு செய்தனர். அன்று முதல் குகை வாசலில் அவருக்கு ஆண்டுதோறும் படையல். சித்தர் வழிவந்த குடும்பம் என்பதற்காகக் கோயிலில் முதல் பரிவட்டம். அவருடைய மனைவி பேச்சியம்மாளுக்கு அப்போது மணமாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன, பிள்ளை இல்லை. தாலியைக் கழற்றாமல் வாசுதேவநல்லூரில் தனியே வாழ்ந்து இன்று முதியவராகிவிட்டார்.

சித்தப்பா அந்தக் குகைக்குள் கிடக்கிறாரா, இல்லையா? இதுவே அண்ணாச்சியின் கேள்வி. "சின்னம்மை இருக்கும்போதே தெரிஞ்சாகணும்மா. அதுக்குப் பொறவு தெரிஞ்சு யாருக்கு என்ன?" என்று முதல் நாளே எங்களிடம் சொல்லிவிட்டார்.

கட்டடத் தொழிலாளர் அணியும் தலைக்கவசம், அதில் கட்டிய விளக்கு, முழங்காலுக்குப் பஞ்சுறை, அளவுநாடா, திசைகாட்டி. எங்கள் கருவிகள் இவ்வளவே. சேலையோடு தவழ இயலாது என்பதால் நான் சுடிதார் தைத்துக்கொண்டேன்; எங்கள் தெருவார் குகையைவிட அதைப்பற்றியே அதிகம் பேசினர். முதல் நாள் உள்ளே சென்றதும் ஓர் உண்மை விளங்கிற்று. பாறை இடுக்குகளில் பேச்சு உருக்குலைந்துவிடுகிறது. முன்னே செல்பவர் "நில்" என்கிறாரா, "செல்" என்கிறாரா என்பது பின்னே வருபவருக்குப் புரிவதில்லை. அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து தம் பழைய விசிலை எடுத்தார். ஒரு விசில், நில். இரண்டு விசில், போகலாம். பேருந்தில் ஓட்டுநருக்கு ஊதியதே குகையிலும் சட்டமாயிற்று.

"அண்ணாச்சி, நான் டிக்கெட் எடுக்கலியே. பாதி வழில எறக்கி விட்ருவியளா?" என்றார் பீர்.

"ஏல, இந்த வண்டில ஏறுதது லேசு. எறங்குததுதான் பாடு. பேசாம வா."

இறங்குபவருக்கு வழிவிட்ட பிறகே ஏற வேண்டும் என்ற பேருந்து ஒழுங்கையும் அவர் அங்கே கடைப்பிடித்தார். ஒடுக்கமான இடத்தில் எதிரெதிரே இருவர் சந்தித்தால், வெளியேறுபவருக்கே உரிமை. வௌவால்கள் குட்டியோடு இருக்கும் பருவத்தில் குகைப் பக்கமே போகக் கூடாது என்றும் சொல்வார். "குடியிருக்கிறவங்க சம்மதம் இல்லாம வீட்டுக்குள்ள போறது தப்பு. அதுவும் பிள்ளை பெத்த வீடு."

படம் வரைவதில் அவர் வகுத்த முறையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கையால் தொட்ட பாறைக்கு முழுக்கோடு. வெளிச்சத்தில் கண்டும் தொடாத பாறைக்கு விட்டுவிட்டு ஒரு கோடு. காணாத இடத்துக்குக் கேள்விக்குறி. கையேட்டிலும் ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது. ஆனால் கையேட்டைவிட அவர் கண்டிப்பானவர்.

முதல் அறையின் பின்பக்கம் ஒரு கரும்பாறை நின்றது. பீர் முகம்மது தூரத்தில் நின்று விளக்கடித்துப் பார்த்தார். தம் யூடியூப் சேனலுக்காகக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, "நண்பர்களே, கரடிப்பொத்தைக் குகை இத்துடன் நிறைவு பெறுகிறது" என்று அறிவித்தார். குரல் கணீரென்று இருந்தது. அண்ணாச்சி அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"ஏல பீரு, அந்தப் பாறைல கை வச்சியா?"

"லைட்டடிச்சுப் பாத்தேன் அண்ணாச்சி. பளிச்சுனு தெரியுதே."

"லைட்டு அங்கன போச்சு, சரி. நீ போனியாலே?"

பீர் முணுமுணுத்தபடி தவழ்ந்து போனார். குகைக்குள் போகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது: விளக்கொளி பட்டுத் திரும்பும் இடத்தை எல்லை என்று எண்ணிவிடுவது. உண்மையில் அந்தப் பாறை சுவர் அன்று; சுவருக்கு முன்னே தனியாக நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போன பீரின் கால்கள் மறைந்தன. பிறகு, "அண்ணாச்சி, இங்கன தரையோட தரையா ஒரு பொந்து கெடக்கு. மண்ணு மூடியிருக்கு. கைய வச்சா குளுகுளுன்னு காத்து வருது!" என்ற குரல் வந்தது. நிறைவு பெற்ற காணொளியை அவர் அங்கேயே அழித்தார்.

அந்தப் பொந்தில் நிறைந்திருந்த வண்டலைக் கொத்துக்கரண்டியால் பறித்து, சிமெண்டுச் சட்டியில் வாரி அகற்றுவதற்கு ஒரு கோடைக்கு முந்திய மாதங்கள் அனைத்தும் கழிந்தன. வழி திறந்தபோது யார் முதலில் நுழைவது என்ற பேச்சு எழுந்தது. அண்ணாச்சி தம் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "இது போயிட்டா நீங்க எல்லாரும் போயிரலாம். மாட்டிக்கிட்டா பீரு காலைப் பிடிச்சு இழுக்கட்டும்." நுழைந்தார். கவசம் பாறையில் உரசும் ஓசை, பிறகு செருமல், பிறகு ஒன்றும் இல்லை. நானும் பீரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் இரண்டு விசில் கேட்டது.

உள்ளே இருந்தது ஒரு பெரிய கூடம். என் அலுவலகம் அமைந்துள்ள கட்டடம் முழுவதும் அதற்குள் அடங்கும். தரையில் சலித்த மாவு போன்ற வண்டல், சமதளமாக. கூரையின் இடுக்கிலிருந்து மரவேர்கள் நூல்நூலாகத் தொங்கின. நிறம் வெளுத்த பாச்சைகள், உடலைவிட நீண்ட மீசைகளை ஆட்டிக்கொண்டு சுவரில் அமர்ந்திருந்தன. எங்கள் அறிவுக்கு எட்டியவரை அதற்கு முன் அங்கே எவரும் நின்றதில்லை. பீர் அப்போதே, "பீர் மகால்னு பேரு வச்சிரலாமா?" என்று கேட்டுவிட்டார். அண்ணாச்சியின் காதில் அது விழவில்லை.

அவர் நுழைவாயிலின் வலப்பக்கம் பாறையில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் கூடத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். நான் நாடாவோடும் எழுதுபலகையோடும் பின்தொடர்ந்தேன். ஒவ்வோர் இடுக்கிலும் முதலில் விளக்கு, பிறகு தலை, பிறகு கை. தரையையும் விடவில்லை, உட்கார்ந்து விரல்களால் மண்ணை அளைந்து பார்த்தார். எலும்பைத் தேடுகிறார் என்பது எனக்கும் பீருக்கும் தெரியும். எவரும் அச்சொல்லைச் சொல்லவில்லை. சுற்றி வந்து, தொடங்கிய இடத்தில் கை பட்டதும் அப்படியே அமர்ந்தார்.

"இல்ல. அவரு இங்கன இல்ல" என்றார். உடனே தம்மைத் திருத்திக்கொண்டார். "நாம பாத்த வரைக்கும் இல்ல."

திரும்பும்போது அந்தப் பொந்தில் பீர் முகம்மது சிக்கிக்கொண்டார். பயத்தில் மூச்சை இழுத்துப் பிடித்ததால் மார்பு பாறைகளுக்கு இடையே இறுகிவிட்டது. அண்ணாச்சி அவசரப்படவில்லை. பீரின் காலருகே படுத்துக்கொண்டு, "மூச்சை விடுல. இழுக்காத, விடு. இன்னும் விடு. ஆங், இப்போ போ" என்றார். பீர் வெளியே வந்தார். அவர் பையிலிருந்த கைப்பேசிதான் நொறுங்கிப்போயிற்று. ஊரார் கைப்பேசிகளையெல்லாம் செப்பனிடுபவர் தம்முடையதை ஒரு மாதம் கழித்தே செப்பனிட்டார்.

அந்தக் கூடத்தின் கிழக்கு மூலையில், நெஞ்சளவு உயரத்தில், ஒரு வெடிப்பு உண்டு. அதுவே பிற்பாடு எல்லாப் பேச்சுக்கும் காரணமாயிற்று. அண்ணாச்சியின் கை தோள்வரை அதற்குள் சென்றது, தலை செல்லவில்லை. குழந்தையின் தலையும் செல்லாது. ஆனால் காற்று வந்தது. படத்தில் அந்த இடத்தைச் சுவராகவே காட்டிவிடலாம் என்பது என் கருத்து. "மனிதர் நுழைய இயலாத இடத்தை எல்லை என்று கொள்வதில் பிழையில்லை, அண்ணாச்சி. பத்திரத்தில் கேள்விக்குறி போட்டால் பதிவாளர் திருப்பி அனுப்பிவிடுவார்" என்றேன்.

"குகையை யாருக்கும்மா விக்கப்போறோம்? தொட்டது வரைக்கும் கோடு போடுங்க. அதுக்கு அங்கிட்டு நமக்கு என்ன பாத்தியதை?"

பேருந்தில் ஊர் திரும்பும் வழியெல்லாம் வாதிட்டேன். உரிமையைக் குறிக்கும் பாத்தியதை என்பது என் தொழிற்சொல்; அதைக் கொண்டே என்னை அவர் மடக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் கேள்விக்குறியையே போட்டேன்.

படம் முடிந்ததும் மூவரும் பேச்சியம்மாளைக் காணச் சென்றோம். அவர் தொலைக்காட்சியில் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம் வரும்வரை எங்களைப் பேச விடவில்லை. விளம்பரம் வந்ததும் ஒலியைக் குறைத்துவிட்டு, "சொல்லுய்யா" என்றார். அண்ணாச்சி படத்தைத் தரையில் விரித்தார்.

"சின்னம்மை, குகை முழுக்கப் பாத்துட்டோம். சங்கரன்கோயிலுக்கெல்லாம் போகல. ரெண்டே அறைதான். ஆள் போற எடத்துல எங்கயும் சித்தப்பா இல்ல."

"எலும்பு?"

"இல்ல."

"துணிமணி, ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல சின்னம்மை."

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். சித்தரின் மனைவி என்று ஊரார் கும்பிட்ட ஒருவரிடம், உன் கணவன் உன்னை விட்டுப் போனவன் என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறோம். அவர் படத்தைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியின் முகத்தையே பார்த்தார்.

"அப்போ வெளிய வந்துட்டாரு."

"அப்படித்தான் தோணுது. எல்லாரும் பூசைல இருக்கும்போது பொத்தைக்குப் பின்பக்கமா எறங்கிப் போயிருக்கலாம்."

"பாவி மனுசன்" என்றார் பேச்சியம்மாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எய்யா நாயகம், சித்தரு சித்தருன்னு எல்லாரும் சொன்னாவ. எனக்குக் கண்ணை மூடுனா, பாறைக்கு எடையில மாட்டிக்கிட்டு 'ஏட்டி பேச்சி, ஏட்டி பேச்சி'ன்னு கூப்பிடுத மாதிரியே கேக்கும். கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஒருத்தரும் வராம, அந்த இருட்டுல தாகமெடுத்துச் செத்திருப்பாரோன்னு இத்தன வருசமா குலை நடுங்கிட்டுக் கெடந்தேன். அப்படி இல்லைன்னு சொல்லிட்டேல்லா. எங்கயோ போயி எவளையோ கெட்டிக்கிட்டு இருந்திருக்கட்டும். வெளிச்சத்துலதான செத்திருப்பாரு."

சற்றுப் பொறுத்து, "இருந்து, வந்தாருன்னா, அன்னைக்குப் பேசிக்கிடுதேன்" என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகே படத்தைக் குனிந்து பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. கேள்விக்குறியின்மேல் விரலை வைத்து, "கொக்கி மாதிரி கெடக்கே, இது என்னது?" என்றார். எதையாவது சொல்லி நகர்ந்துவிடலாம் என்று நான் எண்ணினேன். அண்ணாச்சி நகரவில்லை. அங்கே ஒரு வெடிப்பு இருக்கிறது, தம் கை தோள்வரை போயிற்று, காற்று வருகிறது, அப்பால் தெரியாது என்று வரிசையாகச் சொன்னார்.

"ஆளு போகுமா?"

"போகாது."

"அப்போ சரி" என்று தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார் பேச்சியம்மாள்.

வெளியே வந்ததும் அண்ணாச்சியைக் கேட்டேன், நிம்மதி அடைந்த அந்த அம்மையாரிடம் வெடிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டுமா என்று. "பாதியை மட்டும் சொல்லுததுக்குத்தான் சொந்தக்காரங்க இருக்காங்களேம்மா" என்றார்.

அந்தச் சொந்தக்காரர்களின் கோபத்தை நான் நேரில் கண்டேன். அடுத்து வந்த பங்குனி உத்திரத்தில், பரிவட்டம் கட்டுமுன், அனைவர் நடுவிலும் அண்ணாச்சி தாம் கண்டதைச் சொன்னார். கோயில் பொறுப்பைக் கவனித்துவருபவர் அவருடைய பெரியப்பா மகன் பரமசிவம். "அப்போ எங்க சித்தப்பா ஓடிப்போனவருன்னு சொல்லுதியா?" என்று அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"நான் குகையைப் பத்திச் சொல்லுதேன். அவரைப் பத்தி அவரு வந்து சொல்லட்டும்."

அதன்பின் குடும்பத்தில் ஒரு திருமணத்துக்கு அண்ணாச்சிக்கு அழைப்பு வரவில்லை; மதினி அதற்காக அழுதார். பரமசிவம் பேருந்து நிலையத்தில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்களை மீண்டும் பேச வைத்தது பீர் முகம்மதுவின் காணொளி. வெடிப்பின் முன்னே ஊதுவத்தியைப் பிடித்து, புகை அசைவதை அதில் காட்டியிருந்தார். அதைப் பார்த்த பரமசிவம் மறுநாள் காலையில் அண்ணாச்சி வீட்டு வாசலில் வந்து நின்றார். "என்ன வே, காத்து வருதாமுல்லா! சித்தருக்குக் காத்துப் போற வழி போதாதா? ஒம்மைப் போல தொந்தியத் தூக்கிட்டா போவாரு?"

அண்ணாச்சி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "அது உம்ம கணக்கு. என் படத்துல கேள்விக்குறிதான்" என்றார். அடுத்த ஆண்டுப் படையலுக்கு அவரும் போனார். சர்க்கரைப் பொங்கலை இருமுறை வாங்கிச் சாப்பிட்டார். படையலை நிறுத்துமாறு தாம் எப்போதும் சொன்னதில்லையே என்றார். பேச்சியம்மாள் மட்டும் அதன்பின் படையலுக்கு வருவதில்லை. தாலியைக் கழற்றவும் இல்லை. அதைப் பற்றி அவரிடம் எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மருத்துவமனையில் கடைசியாகக் கண்டபோது அண்ணாச்சி நோயைப் பற்றிப் பேசவில்லை. ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கும் கேமரா ஒன்று பக்கத்து ஊரான திருவேங்கடத்தில் ஒருவரிடம் இருக்கிறதாம். மெல்லிய குழாய் போன்றதாம். அதை அந்த வெடிப்புக்குள் செலுத்திப் பார்க்கலாம் என்றார். "நான் வந்திருதேன், அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் போயிறாதீங்க" என்றார். பீர், "நீங்க இல்லாம எங்களுக்கு யாரு விசில் ஊதுவா?" என்றார். அது அந்த நேரத்தில் வேடிக்கைப் பேச்சாகவே இருந்தது.

பதினாறாம் நாள் விசேஷத்தில், பந்தி முடிந்தபின், பரமசிவம் என்னருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். மிகுந்த மரியாதையோடு பேசினார். வரும் பங்குனி உத்திரத்துக்குக் கோயில் முகப்பில் கல்வெட்டு ஒன்று வைக்கப்போகிறார்களாம். அதில் குகையின் படம். மேலே அண்ணாச்சியின் உருவம். கீழே படம் வரைந்தவர் என்று என் பெயர். அவர் சொன்னது நல்ல மனத்தோடுதான். அண்ணன் தம்பிக்குள் நேர்ந்த மனத்தாங்கலை அந்தக் கல்லால் அடைத்துவிட எண்ணினார்.

"ஒண்ணே ஒண்ணும்மா. அந்தக் கேள்விக்குறி இருக்குல்லா, அதை மட்டும் எடுத்துட்டு, சங்கரன்கோயில் பக்கமா கெழக்காம ஒரு புள்ளிக்கோடு இழுத்துருங்க. கோடுகூட வேண்டாம், வெறும் புள்ளிதான. யாருக்கு என்ன நட்டம்? அவனுக்கும் பெருமை, உங்களுக்கும் பெருமை."

என் பெயரை நான் எத்தனையோ பத்திரங்களின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். கல்லில் அது இருந்ததில்லை. பள்ளி முடிக்காத ஒருத்தியின் பெயர் குலதெய்வக் கோயிலின் முகப்பில் நிற்பது சிறிய செய்தி அன்று; அதை நான் விரும்பினேன். புள்ளிகளைப் பற்றியும் ஒரு கணம் எண்ணிப் பார்த்தேன்.

சுவரோரம் கால்நீட்டி அமர்ந்திருந்த பேச்சியம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. "தாயீ" என்று என்னை அழைத்தார். "அந்த ஓட்டைக்கு அங்கிட்டு என்ன இருக்கு?"

பரமசிவம் என்னைப் பார்த்தார். மதினி பார்த்தார். இலை எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றார்கள். ஐயத்துக்கு இடமின்றி எழுதுவதும் பேசுவதும் என் தொழில். படிக்காதவள் என்று ஒருவர் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே, கேட்கப்பட்ட எதற்கும் ஒரு விடையை வைத்திருப்பவள் நான்.

"தெரியாது, அம்மா" என்றேன்.

பேச்சியம்மாள் பரமசிவத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டியாலே? தெரியாதாம். தெரியாததுக்கு என்னத்தலே புள்ளி?"

பரமசிவம் நெடுநேரம் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "சரி, இருக்கட்டும். படம் உள்ளபடியே இருக்கட்டும்" என்றார். எழுந்து இரண்டடி போனவர் திரும்பி வந்து, "கேள்விக்குறியைக் கொஞ்சம் சின்னதாவாவது போடுங்கம்மா" என்றார். அதற்கும் நான் இசையவில்லை.

அண்ணாச்சியின் பொருள்களை மதினி வேண்டியவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். நான் எதையும் கேட்கவில்லை. கேட்காமலே ஒன்று என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பலர் முன்னிலையில், குரல் தாழாமல், இதற்கு அப்பால் எனக்குத் தெரியாது என்று சொல்ல இப்போது எனக்கு இயல்கிறது. எந்தப் புத்தகத்திலும் நான் அதைப் படித்துக்கொள்ளவில்லை. மழைக்காலம் கழிந்து பொந்து காய்ந்ததும், பீர் முகம்மதுவும் நானும் அந்தக் கேமராவோடு கரடிப்பொத்தைக்குப் போவோம். வெடிப்புக்கு அப்பால் தெரிவதை வாசுதேவநல்லூரில் ஒரு வீட்டில் போய்ச் சொல்வேன். ஒன்றும் தெரியாவிட்டால், அதையும் போய்ச் சொல்வேன்.